இரண்டும் மூன்றும் இல்லாத எண்

ஜாகீர் அம்மாபாளையம் கிளை, இரண்டாம் கவுண்ட்டர்.
மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள்
சித்தையனைக் கூட்டிவருவான் மகன்.
கூட்டிவருவான் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கிட்டப் பார்த்தால்
முழங்கைக்கு மேலே பிடித்து ஓட்டிவருவது.

படிவம் முன்பே நிரப்பியிருக்கும்:
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது மட்டும்.
முப்பத்தொரு வருடம்
மாக்னசைட் சுரங்கத்தில் வெள்ளைக்கல் உடைத்த கை,
ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் ஏற்காது.
அதனால் மைப்பெட்டி.
கட்டைவிரலை அவர் வைப்பதில்லை.
மகன் எடுத்து வைப்பான்,
ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வைப்பதுபோல.

மார்ச்சில் அவர் மணிக்கட்டில் நீலம்.
மை என்று நினைத்தேன்.
ஏப்ரலில் இன்னும் கொஞ்சம் மேலே, மஞ்சள்.
மை மஞ்சளாகாது.
குடும்ப விஷயம் என்று நோட்டுக்கட்டைப் பிரித்தேன்.
மே மாதம் எனக்கு ஆடிட்.

ஜூனில் கண்ணாடி இல்லாமல் வந்தார்.
எங்கே என்று அவரைத்தான் கேட்டேன்.
"ஒடைச்சுட்டாரு மேடம்,
நல்லாத்தான் பாத்துக்கறோம்" என்றான் மகன்.
நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று
நான் கேட்கவே இல்லை.

ஆதார் நகல் தெளிவாக இல்லை, புதிதாக ஒன்று,
எதிர்த்தாப்பில் ஜெராக்ஸ் கடை, என்றேன்.
எனக்கே தெரியாது அப்படிச் சொல்லப்போகிறேன் என்று.
அந்தத் தெருவில் கரண்ட் போயிருந்தது.
ஏழு நிமிடம் கிடைத்தது.

"சாப்ட்டீங்களா?"

வாசலைப் பார்த்தார்.
"பையன் வரட்டும், சொல்லுவான்."

பின்னால் டோக்கன் பதினெட்டு
செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது.
ஜன்னலுக்கு வெளியே
கழிவுக்கல் கொட்டிக் கொட்டி உயர்ந்த வெள்ளை மேடு,
அதற்குப் பின்னால் ஏற்காட்டு மலை.
அதை எத்தனை வருடம் கொட்டினாரோ.

பிறகு கம்பிக்குள் குனிந்து,
"முப்பது ரூபா தனியாத் தருவியா சாமி.
தட்டுவடை செட்டு."
பல் ஒன்றும் இல்லையே என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.
"சட்னியில ஊறிட்டா எறங்கிரும்."

ஒரு நம்பர் சொல்றேன், மனசுல வெச்சுக்கோங்க.
முதியவங்களுக்குன்னே இருக்கு.
ஒண்ணு சொல்லி, ரெண்டையும் மூணையும் விட்டுட்டு
நாலு, அஞ்சு, ஆறு, ஏழு.
லாரிக் கணக்கு வைத்திருந்தவர்.
இரண்டு முறை பிசகாமல் திருப்பிச் சொன்னார்.
சொல்லிவிட்டு,
"போனு ஏது சாமி எனக்கு?"

மகன் வந்துவிட்டான்.
முப்பது ரூபாய் சட்டைப்பையில் போனதை
அவன் பார்த்தானா தெரியாது.
பார்த்திருந்தால் என்ன ஆகும் என்று
அன்று முழுக்க எனக்குக் கணக்கு இடித்தது.

மதியம் நானே அழைத்தேன்.
பெயர், தெரு, வீட்டு அடையாளம்.
நேரில் போய்ப் பார்ப்பார்கள் என்றாள் அந்தப் பெண்.
"உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"
மார்ச் என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள்.

ஐந்து ரோட்டில் பஸ் நின்றது, நிற்கிறது, நகரவில்லை.
சில்லறைக்குப் பையைத் துழாவியபோது
விரலில் தட்டியது மாமனாரின் ஏடிஎம் கார்டு.
நான்கு வருடமாக என் பையில்.
வசதிக்குத்தான். அவருக்கு மறதி.
ரகசிய எண் என் மகளின் பிறந்தநாள்.
ஒரு நாளும் அவர்மேல் கை ஓங்கியதில்லை.
எவ்வளவு எடுத்தேன் என்று
ஒரு நாளும் அவரிடம் சொன்னதுமில்லை.
அவர் முடிவெட்டப் போகும்போது
என் முன்னால் வந்து நிற்பார்,
எதுவும் கேட்காமல்.
எவ்வளவு வேண்டும் என்று நான்தான் கேட்பேன்.

இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்,
கார்டு, பாஸ்புக், எழுதிய கணக்கு.
"இனி உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா."

மாரப்பன் என்ற தன் பெயரை அதில் தடவிப் பார்த்தார்.
சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.
என்னைப் பார்த்தார், பரண்மேல் இருக்கும் பெட்டியைப் பார்த்தார்.

"என்னிக்குப் போகணும் நான்?"